முகம் கொடுக்கும் நகரம்

கொல்கத்தா தெருக்களில் முன்பின் தெரியாதவர்களைப் படம் எடுப்பது எளிது. எடுத்த படத்தை அவர்கள் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரும்பாடு.

ஹவுரா பாலத்தின் கிழக்கு முனையில், சூரியன் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே வியாபாரம் சூடுபிடித்துவிடுகிறது. கோலாகாட், பான்ஸ்குரா, ரானாகாட் பக்கத்துக் கிராமங்களிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்தவர்கள் செண்டுமல்லிச் சரங்களை மலைப்பாம்பு போலத் தோளில் சுற்றிக்கொண்டு நிற்கிறார்கள். காளிக்குச் செம்பருத்தி, கல்யாணத்துக்குச் சம்பங்கி, மற்ற எல்லாவற்றுக்கும் செண்டுமல்லி. மிதிபட்ட பூவும் சகதியும் சேர்ந்து தரை வழுக்குகிறது. மல்லிக் காட் பூச்சந்தை ஆசியாவின் பெரிய பூச்சந்தைகளில் ஒன்று. ராம்மோகன் மல்லிக் என்ற செல்வந்தர் தன் தந்தையின் நினைவாக 1855ல் கட்டிய படித்துறை அது. தலைக்கு மேலே நிற்கும் பாலம் 1943ல்தான் வந்தது.

அந்தக் கூட்டத்துக்கு நடுவே இன்னொரு கூட்டம். கழுத்தில் கேமரா, முதுகில் பை, சகதிக்குப் பொருந்தாத வெள்ளை ஷூ. சனி, ஞாயிறுகளில் இவர்கள் பூ வாங்க வருபவர்களுக்குப் போட்டியாக இருப்பார்கள். பாலத்துப் படிக்கட்டில் நின்றபடி சிலர் கீழே குறி பார்க்கிறார்கள். வேறு சிலர் சரம் சுமந்து வருபவருக்கு எதிரே பின்பக்கமாக நடந்துகொண்டே பொத்தானை அழுத்துகிறார்கள். முப்பது கிலோ பூவைத் தூக்கிக்கொண்டு வருபவருக்கு நின்று பேச நேரமில்லை. "ஷோரே ஜான்!" என்று கத்துகிறார். ஒதுங்கு என்று அர்த்தம்.

மாலைக்குள் அவர் முகம் எத்தனை செல்போன்களில் ஏறியிருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. இந்த இரண்டு கூட்டங்களுக்கும் நடுவே தினமும் ஒரு கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. வாங்குபவர் யார் என்பதில் சந்தேகமில்லை. கொடுத்தவருக்கு என்ன கிடைக்கிறது? கையில் ஒரு கேமராவும் 50 மி.மீ. லென்ஸும் வைத்துக்கொண்டு இந்த நகரத்தில் நான்கு நாட்கள் நடந்தபோது கூடவே வந்த கேள்வி இது.

தெருதான் வீடு

தெரு முகங்களை எடுக்க ஆசைப்படுகிறவர்கள் இந்தியாவில் முதலில் நினைப்பது கொல்கத்தாவையும் காசியையும்தான். காசியில் படித்துறை இருக்கிறது. கொல்கத்தாவில் நடைபாதை இருக்கிறது. பம்பாயில் நடைபாதை என்பது ரயிலைப் பிடிக்க ஓடும் வழி. டெல்லியில் அது பல இடங்களில் இல்லவே இல்லை. கொல்கத்தாவில் அது ஒரு வீட்டின் எல்லா அறைகளும் சேர்ந்த இடம். தெருக் குழாயில் ஹூக்ளி நதித் தண்ணீரில் சோப்புப் போட்டுக் குளிக்கிறார்கள். இரண்டு செங்கல் மேல் உட்கார்ந்து சவரம் செய்துகொள்கிறார்கள். மண் குவளையில் டீ குடித்தபடி அரசியல் பேசுகிறார்கள். மதியம் அங்கேயே தூங்குகிறார்கள். 1988ல் வெளிவந்த தன் கல்கத்தா புத்தகத்துக்கு ரகுபீர் சிங் 'வீடும் தெருவும்' என்ற பொருளில் துணைத்தலைப்பு வைத்தார். ஜெய்ப்பூரில் பிறந்து உலகப் புகழ் பெற்ற அந்தக் கலர் புகைப்படக்காரர், இரண்டுக்கும் நடுவே சுவர் மெல்லியது என்பதைப் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த ஊரில் ஒருவரை நிமிர்ந்து பார்த்தால் அவரும் நிமிர்ந்து பார்க்கிறார். பார்வையைத் திருப்பிக்கொள்வதில்லை. எந்த ஊர், என்ன வேலை, எத்தனை குழந்தைகள், மீன் சாப்பிடுவீர்களா என்று அவரே விசாரணையைத் தொடங்கிவிடுகிறார். தமிழில் 'முகம் கொடுத்துப் பேசுவது' என்று சொல்வோமே, அதை இந்த ஊர் தாராளமாகச் செய்கிறது.

ஆனால் கேமராவிடம் இந்த ஊருக்குப் பழைய கோபமும் இருக்கிறது.

அந்தக் கோபத்துக்கு நூற்றைம்பது வயதுக்கு மேல் ஆகிறது. வங்காளப் புகைப்படச் சங்கம் இங்கே தொடங்கியது 1856ல். அடுத்த ஆண்டு சிப்பாய்க் கலகம். கலகம் அடங்கியதும், தாங்கள் ஆளும் ஜனங்கள் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசரம் ஆங்கிலேயர்களுக்கு வந்தது. 1868 முதல் 1875 வரை 'இந்தியாவின் மக்கள்' என்ற பெயரில் எட்டுத் தொகுதிகளை வெளியிட்டார்கள். நானூற்றுக்கும் அதிகமான புகைப்படங்கள். ஒவ்வொரு படத்தின் கீழேயும் ஜாதியும் குலமும் உண்டு. பெரும்பாலான படங்களில் அந்த ஆளின் பெயர் இல்லை. முகம் ஒரு மாதிரிச் சரக்கானது அப்போதுதான்.

பிறகு 1943 பஞ்சம். சுனில் ஜானா எடுத்த படங்கள் கம்யூனிஸ்ட் கட்சியின் 'பீப்பிள்ஸ் வார்' பத்திரிகையில் வந்து, மறைக்கப்பட்ட சாவுகளை நாட்டுக்குக் காட்டின. அந்தப் படங்கள் இல்லாவிட்டால் பஞ்சத்தின் முகம் நமக்குத் தெரிந்திருக்காது. ஆனால் வெளிநாட்டுக் கண்ணுக்குக் கல்கத்தா என்றால் எலும்பும் தோலும் என்ற பழக்கம் அதன் பிறகு போகவே இல்லை. பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் 1969ல் இந்த நகரத்தைப் பற்றி ஒரு ஆவணப்படம் வெளியிட்டார். அவருடைய இந்தியத் தொடரை பி.பி.சி. ஒளிபரப்பியதில் மனம் புண்பட்ட இந்திய அரசு 1970ல் பி.பி.சி.யின் டெல்லி அலுவலகத்தையே மூடச் செய்தது. 'சிட்டி ஆஃப் ஜாய்' படப்பிடிப்பு 1991ல் இங்கே நடந்தபோது எதிர்ப்பு ஊர்வலங்கள் நடந்தன. சோனாகாச்சியின் பாலியல் தொழிலாளர்களுடைய குழந்தைகளைப் பற்றிய 'பார்ன் இன்டு பிராத்தல்ஸ்' 2005ல் ஆஸ்கார் வாங்கியது. ஆஸ்கார் மேடையில் கைதட்டல். சோனாகாச்சியிலோ, எங்களைக் கேட்காமல் எங்கள் கதையைச் சொல்லிவிட்டார்கள் என்ற குமுறல்.

எனவே கேமராவோடு நடைபாதையில் நிற்பவரைப் பார்த்து ஒரு டீக்கடைக்காரர், "மறுபடியும் எங்கள் வறுமையையா?" என்று கேட்டால் அது ஒரு தனி மனிதரின் எரிச்சல் என்று நினைத்துவிடக் கூடாது.

ஐந்தடி தூரம்

முன்பின் தெரியாதவரைப் படம் எடுக்க இரண்டு வழிகள். கேட்காமல் எடுப்பது, கேட்டு எடுப்பது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை லென்ஸே சொல்லிவிடும். 50 மி.மீ. லென்ஸில் ஒருவரை இடுப்பளவு எடுக்க வேண்டுமானால் சுமார் ஐந்தடி தூரத்தில் நிற்க வேண்டும். 200 மி.மீ. லென்ஸில் அதே அளவுப் படத்தை இருபது அடி தூரத்திலிருந்து எடுத்துவிடலாம். இருபது அடியில் யாரும் யாரோடும் பேச முடியாது. ஐந்தடியில் பேசாமல் இருக்க முடியாது.

கேட்டு எடுத்தால் இயல்பு போய்விடும் என்பது கேட்காமல் எடுப்பவர்களின் வாதம். பாதி உண்மை. சம்மதம் சொன்ன மறு வினாடியே முகம் இறுகிவிடுகிறது. கை இரண்டும் பக்கத்தில் ஒட்டிக்கொள்கின்றன. ரேஷன் கார்டுக்கு நிற்பது போல நிற்கிறார்கள். அந்த முதல் படத்தை எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அவர் கொடுக்க விரும்பும் படம் அது. பிறகு கேமராவைக் கீழே இறக்கி, மகள் எந்த வகுப்பு, பூ இன்று என்ன விலை என்று பேச வேண்டும். இரண்டு நிமிடத்தில் அவர் மறந்துவிடுவார். இரண்டாவது படம் அப்போது கிடைக்கும்.

வெளிச்சத்துக்கும் அலைய வேண்டாம். பூச்சந்தையில் கடைகளுக்கு மேலே நீலமும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக் ஷீட் கட்டியிருக்கிறார்கள். அதன் அடியில் எடுத்தால் எல்லா முகத்துக்கும் மஞ்சள் காமாலை. இரண்டடி முன்னால் வரச் சொன்னால் போதும். பாலத்தின் நிழல் ஒரு பெரிய ஸ்டூடியோ போல மென்மையான வெளிச்சத்தைத் தருகிறது.

கேட்பதற்குக் கற்றுக்கொள்ள வேண்டிய வாக்கியம் ஒன்றே ஒன்று: "ஏக்டா சொபி துல்தே பாரி?" ஒரு படம் எடுக்கலாமா? வங்காளியில் 'தோலா' என்றால் எடுப்பது, பறிப்பது. பூப் பறிப்பதற்கும் அதே சொல்தான். ஹிந்திக்காரர்கள் போட்டோவை 'கீஞ்ச்னா' என்கிறார்கள், இழுப்பது. நாம் படம் எடுக்கிறோம், இல்லாவிட்டால் பிடிக்கிறோம். பறிப்பது, இழுப்பது, எடுப்பது, பிடிப்பது. கொடுப்பது என்ற பொருளில் மூன்று மொழியிலும் சொல் அமையவில்லை.

அந்த வாக்கியத்துக்கு முன்னால் முறைவைத்துக் கூப்பிட வேண்டும். நடுவயது ஆண் என்றால் 'தாதா', பெண் என்றால் 'தீதி', அம்மா வயதுக்காரர் என்றால் 'மாஷிமா'. பீகாரிலிருந்து வந்த ரிக்‌ஷாக்காரரிடம் ஹிந்தியில் 'சாச்சா'. கூப்பிடும் முறை சரியாக இருந்தால் பாதிச் சம்மதம் வந்துவிடுகிறது.

படா பஜாரின் சந்துகளில் சுமை தூக்குபவர் ஒருவர். தலையில் நான்கு துணி மூட்டைகள். வேர்வையில் உடம்பு பளபளக்கிறது. போட்டோப் போட்டிகளில் பரிசு வாங்கும் சாயல். கேட்டதும் சம்மதித்தார். ஆனால், "கொஞ்சம் இருங்கள்" என்று சொல்லிவிட்டு மூட்டைகளை இறக்கினார். சுவர் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டுப் பொத்தானைக் கழுத்து வரை மாட்டினார். தலையில் தண்ணீர் தடவிச் சீவினார். பக்கத்துக் கடைக்காரரின் நாற்காலியைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தார். இப்போது அவரைப் பார்த்தால் ஒரு மளிகைக் கடையின் முதலாளி.

கேமராக்காரருக்கு வேண்டியது வேர்வை. அவருக்கு வேண்டியது சட்டை. யார் பக்கம் நியாயம்? மூட்டை தூக்குவது அவர் தொழில், அடையாளம் அல்ல. சமஸ்திபூரில் இருக்கும் மனைவிக்கு அனுப்பினால் எந்தப் படத்தை அனுப்புவார் என்பதில் பதில் இருக்கிறது. நாற்காலிப் படத்தையே எடுத்தேன். எடுத்து முடித்ததும் அவரே சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு, "இதையும் எடுக்க வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். ஆனால் அவருக்குப் பிரின்ட் நாற்காலிப் படத்தில் மட்டும் போதுமாம்.

மாட்டேன் என்பவர்கள்

எல்லோரும் முகம் கொடுப்பதில்லை. மறுப்பவர்களிடம் நல்ல காரணங்கள் இருக்கின்றன.

மல்லிக் காட்டில் வில்வ இலை விற்கும் ஒரு பெண் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். கூச்சம் என்று நினைத்தால் தப்பு. தங்கை கல்யாணத்துக்குப் பேச்சு நடக்கிறது, அக்காள் சந்தையில் உட்கார்ந்து வியாபாரம் செய்வது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது என்று பக்கத்துக் கடைக்காரி விளக்கினாள். பழைய நாட்களில் படம் ஏதோ ஒரு பத்திரிகையில் வரும், கிராமத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள். இப்போது சந்தையில் எடுத்த படம் கிராமத்துக்குப் போய்ச் சேர அரை மணி நேரம்கூட ஆகாது.

போ பஜார் பக்கத்தில் டிரெட்டா பஜார். இத்தாலிக்காரர் எட்வர்ட் டிரெட்டாவின் பெயரைத் தாங்கிய பழைய சைனா டவுன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஆவி பறக்கும் பாத்திரங்களுடன் சீனக் குடும்பங்கள் நடைபாதையில் பலகாரக் கடை போடுகின்றன. எட்டரைக்குள் எல்லாம் தீர்ந்துவிடும். வருடா வருடம் சீன முகங்கள் குறைந்து, அவற்றைப் படமெடுக்க வருபவர்கள் அதிகமாகிறார்கள். அங்கே ஒரு முதியவர் உள்ளங்கையைக் காட்டி மறுத்தார். கோபமில்லை, சிரித்துக்கொண்டேதான். அவர் காரணம் சொல்லவில்லை. ஆனால் அந்த வயதுக்காரர்களுக்குக் காரணம் இருக்கலாம். 1962 யுத்தத்தின்போது சீன வம்சாவளியினர் சுமார் மூவாயிரம் பேரை அரசு பிடித்து ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தது. பலர் பல ஆண்டுகள் கழித்தே வெளியே வந்தார்கள். வந்தவர்களும் போலீஸில் பதிவு செய்துகொண்டு, ஊரை விட்டுப் போக அனுமதி வாங்கி வாழ வேண்டியிருந்தது. போட்டோ என்றாலே போலீஸ் கோப்பு என்று ஒரு தலைமுறை கற்றுக்கொண்டிருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. உள்ளங்கையைக் காட்டிய அதே கையால் அவர் ஒரு பன்னைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

காசு கேட்பவர்கள் தனி ரகம். மகர சங்கராந்திக்கு முன்பு கங்கா சாகர் போகும் சாதுக்கள் பாபு காட்டில் கூடாரம் போடுகிறார்கள். சடையும் திருநீறும் கஞ்சாப் புகையுமாக அங்கே போஸ் கொடுப்பது ஒரு கலை. ஒரு சாதுவைச் சுற்றி ஆறு கேமராக்கள். தட்சிணை வைக்காமல் எடுத்தால் சாபமும் கிடைக்கும். கேட்பதில் தவறு இல்லை. மாடல்களுக்குச் சம்பளம் உண்டு என்பது மும்பைக்கு மட்டும் உள்ள சட்டமல்ல. ஆனால் காசு வாங்கியவுடன் சாதுவின் முகத்தில் ஒரு கடை திறந்துகொள்கிறது. அதைப் படத்தில் மறைக்க முடிவதில்லை.

குமார்துலிக்காரர்கள் இந்தப் பிரச்சினையை ஒழுங்காகத் தீர்த்துவிட்டார்கள். துர்க்கை சிலை செய்யும் அந்தக் குயவர் தெருவில் பூஜைக்கு முந்தைய வாரங்களில் நடக்க இடமிருக்காது. 2021ல் கொல்கத்தாவின் துர்கா பூஜையை யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பிறகு கேட்கவே வேண்டாம். கேமராவோடு வருபவர்கள் கலைஞர்களின் சங்கத்துக்குக் கட்டணம் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். மகாளய அமாவாசையன்று அம்மனுக்குக் கண் எழுதுவது இங்கே மரபு. ஈரக் களிமண் குழைத்துக்கொண்டிருந்த ஒரு கைவினைஞர் சொன்னார்: "எல்லோரும் அம்மன் கண்ணை எழுதும் கையை எடுக்கிறார்கள். கைக்குச் சொந்தக்காரன் முகத்தை யாரும் கேட்பதில்லை." கேட்டதும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு நேராக நின்றார்.

தப்பாத முகம்

பொது இடத்தில் இருப்பவரைப் படம் எடுக்கக் கூடாது என்று பொதுவான சட்டம் எதுவும் நம் நாட்டில் இல்லை. ஆனால் எடுத்தவருக்கு எல்லா உரிமையும் உண்டு என்றும் அர்த்தமல்ல. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடுவது தொடர்பாக 'நக்கீரன்' தொடர்ந்த வழக்கில் 1994ல் தீர்ப்பளித்த சுப்ரீம் கோர்ட், தன்னை விட்டுவிடும்படி கேட்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்றது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட பெஞ்ச், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று அறிவித்தது. பொது இடத்துக்கு வந்துவிட்டதாலேயே ஒருவர் அந்த உரிமையை இழந்துவிடுவதில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. நடைபாதையிலேயே வாழ்பவருக்கு இதைவிட முக்கியமான வரி இருக்க முடியாது. அவருக்கு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வசதியில்லை.

முகம் கைமாறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் காலத்தின் பெரிய சாட்சி குதுபுதீன் அன்சாரி. 2002 மார்ச் 1 அன்று அகமதாபாத் கலவரத்தில் சிக்கிய இந்தத் தையல்காரர், கண்ணீரோடு கைகூப்பிப் பாதுகாப்புப் படையினரிடம் கெஞ்சினார். ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் அர்கோ தத்தா எடுத்த அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. அன்சாரி உயிர் தப்பினார். அவர் முகம் தப்பவில்லை. வேலைக்குப் போன இடத்தில் அடையாளம் தெரிந்தது, வேலை போனது. 2003ல் அன்றைய மேற்கு வங்க இடதுசாரி அரசின் அழைப்பில் கொல்கத்தாவுக்கு வந்து சில காலம் குடியிருந்தார். பிறகு சொந்த ஊருக்கே திரும்பினார். கட்சிகள் அவர் முகத்தைத் தேர்தல் பிரச்சாரத்துக்கு எடுத்துக்கொண்டபோது அவர் ஆட்சேபித்தார். அதே கலவரத்தின் மறுபக்க முகமாகப் பத்திரிகைகளில் வந்தவர் செருப்புத் தைக்கும் தொழிலாளி அசோக் மோச்சி. 2014ல் கேரளத்தில் இருவரும் ஒரே மேடையில் நின்றார்கள். படங்கள் தங்களை நிறுத்திவைத்த இடத்திலிருந்து இருவரும் நகர முயன்றார்கள் என்று அதைப் புரிந்துகொள்ளலாம்.

அந்தப் படத்தை எடுத்திருக்கக் கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. அது வரலாறு. ஆனால் செய்திப் படத்துக்கு இருக்கும் அந்த நியாயம், ஞாயிற்றுக்கிழமை காலையில் பொழுதுபோக்காக எடுக்கும் பூக்காரர் படத்துக்கு இல்லை. அங்கே கேட்க நேரமிருக்கிறது. திருப்பிக் கொடுக்கவும் நேரமிருக்கிறது.

கூலி ஒரு பிரின்ட்

படம் எடுத்தவுடன் கேமராவின் பின்பக்கத் திரையில் காட்டினால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரித்து முடித்ததும் பெரும்பாலோர் கேட்பது ஒரே கேள்வி: "எனக்கு எப்போது கிடைக்கும்?" செல்போன் வைத்திருப்பவர்களுக்கு அங்கேயே அனுப்பிவிடலாம். அவர்களும் காகிதத்தில் கிடைக்குமா என்றுதான் கேட்கிறார்கள். போன் தொலையும், உடையும், விற்கப்படும். காகிதம் சுவரில் நிற்கும்.

நாட்டின் ஏழைகளில் பலருக்கு முதல் போட்டோவை எடுத்தது அரசாங்கம். டி.என். சேஷன் காலத்தில் 1993ல் வாக்காளர் புகைப்பட அட்டை வந்தது. 2010ல் ஆதார் வந்தது. இரண்டிலும் தன் முகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்கள் குறைவு. ஆனாலும் வீட்டில் ஒரு சாவு விழுந்தால், மாலை போடப் படம் வேண்டுமே என்று அந்த அட்டையைத்தான் ஸ்டூடியோவுக்கு எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். தபால் தலை அளவு முகத்தைப் பெரிதாக்கி, கோட்டு வரைந்து, பின்னால் நீல வானம் வைத்துக் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் ஞாபகம் வைத்திருக்கும் அப்பா அந்தக் கோட்டுக்காரர்தான்.

கை ரிக்‌ஷாக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1953ல் 'தோ பீகா ஜமீன்' படத்துக்காக பால்ராஜ் சாஹ்னி இந்தத் தெருக்களில் ரிக்‌ஷா இழுத்த நாளிலிருந்து இவர்களைத்தான் உலகம் படமெடுக்கிறது. 2006ல் மேற்கு வங்க சட்டசபை கை ரிக்‌ஷாவை ஒழிக்க மசோதா நிறைவேற்றியது. விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. எண்ணிக்கை குறைந்தாலும் ரிக்‌ஷாக்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இழுப்பவர்கள் வயதானவர்கள். போ பஜாரில் ஒரு முதியவரிடம், இதுவரை எத்தனை பேர் உங்களைப் படமெடுத்திருப்பார்கள் என்று கேட்டேன். கையிலிருந்த மணியை ரிக்‌ஷாக் கட்டையில் தட்டிக்கொண்டே யோசித்தார். "கணக்கில்லை. தினம் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள், முப்பது வருஷம்." உங்களிடம் எத்தனை படம் இருக்கிறது? "ஒன்று. வோட்டர் கார்டில்."

பெயரும் இடமும் எழுதி வாங்கிக்கொள்வதில் இருக்கிறது சூட்சுமம். பிரின்ட் போடுவது சுலபம். எஸ்பிளனேடில் மெட்ரோ சினிமாவை ஒட்டிய சந்துதான் கொல்கத்தாவின் கேமராக் கடைத்தெரு. பழைய பிலிம் கேமராக்களைக் கழற்றி மாட்டும் மெக்கானிக்குகள் இன்னும் அங்கே உண்டு. கொஞ்ச தூரம் நடந்தால் போர்ன் அண்டு ஷெப்பர்ட் ஸ்டூடியோ இருந்த கட்டடம். 1860களிலிருந்து வைஸ்ராய்களையும் மகாராஜாக்களையும் படமெடுத்த நிறுவனம். 1991 தீ விபத்தில் அதன் பழைய நெகடிவ் பொக்கிஷம் அழிந்தது. 2016ல் ஸ்டூடியோவே மூடப்பட்டது. மகாராஜாக்கள் தங்கள் படங்களைப் பணம் கொடுத்து வாங்கிப் போனார்கள். அதே காலத்தில் எட்டுத் தொகுதிக்காகப் படமெடுக்கப்பட்டவர்களுக்குப் பிரின்ட் கொடுத்திருப்பார்கள் என்று தோன்றவில்லை.

4க்கு 6 அங்குலத்தில் பிரின்ட்டுகளைப் போட்டு எடுத்துக்கொண்டு மூன்றாம் நாள் காலையில் மறுபடியும் மல்லிக் காட். முதல் நாள் ஒதுங்கச் சொல்லிக் கத்தியவர்கள் இப்போது தாங்களே சூழ்ந்துகொண்டார்கள். படம் கைக்குக் கை மாறியது. ஈரக் கை படாமல் ஓரத்தைப் பிடிக்கச் சொல்லி ஒருவர் மற்றவர்களை அதட்டினார். சம்பங்கி விற்கும் மாஷிமா தன் படத்தை நீட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வயதாகிவிட்டதா எனக்கு?" என்றார். பிறகு அதைச் சேலை மடிப்பில் செருகிக்கொண்டு, இரண்டு சம்பங்கிப் பூத்தண்டுகளை எடுத்து நீட்டினார். காசு வாங்க மறுத்துவிட்டார். படா பஜாரில் நாற்காலிக்காரர் இல்லை, லோடு ஏற்றப் போயிருந்தார். நாற்காலியின் சொந்தக்காரர் வாங்கிக் கல்லாப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

ரிக்‌ஷாக்காரரைத் தேடுவதுதான் கடினமாக இருந்தது. இவர்கள் தங்கும் இடத்துக்கு டேரா என்று பெயர். ரிக்‌ஷாக்களை வாடகைக்கு விடும் சர்தாரின் கொட்டகை. ஒரு பக்கம் ரிக்‌ஷாக்கள், மறுபக்கம் ஆட்கள் படுக்க இடம். மூன்று டேராக்கள் ஏறி இறங்கிய பிறகு, அவர் முந்தின இரவு ரயிலில் ஊருக்குப் போய்விட்டார் என்று தெரிந்தது. அறுவடைக்காம். எப்போது வருவார்? "வந்தால் வருவார்" என்றார் சர்தார். உறையின் மேல் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு, சுவரில் சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். அங்கே ஏற்கெனவே இரண்டு உறைகள் இருந்தன. வேறு யாரோவும் தேடி வந்திருக்கிறார்கள்.

கடைசியில் நான்கு பிரின்ட்டுகள் மிஞ்சின. வீதியோரத்தில் பார்த்து, பெயர் கேட்டு, சொன்ன இடத்தில் தேடியும் கிடைக்காதவர்கள். போ பஜார் முக்கில் எல்லோரும் வந்து போகும் டீக்கடையில் அவற்றைக் கொடுத்தேன். டீக்கடைக்காரர் ஒவ்வொன்றாகப் பார்த்து, "இவன் வருவான். இவனும் வருவான். இந்தம்மாவைத் தெரியாது, விசாரிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பிஸ்கட் டப்பாக்களின் கண்ணாடியில் நான்கையும் வெளியே தெரியும்படி ஒட்டிவைத்தார்.

டீ குடிக்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். தலையில் காய்கறிக் கூடையோடு வந்த ஒருவர் நான்கு முகங்களையும் நிதானமாக ஆராய்ந்தார். பிறகு திரும்பி, "என் படம் எங்கே?" என்றார்.

உங்களை எடுக்கவே இல்லையே என்றேன்.

அவர் கூடையை இறக்கி வைத்தார். "ஏன் எடுக்கவில்லை?"